தங்கச்சியின் மகளும் இரண்டு லீக்குகளும்



இம்முறை உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் ஆசிரியை சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கட வாசகிகளுக்கு அதில என்ன இருக்கு?" என்று கேட்டார். அதற்குள் என் அம்மாவின் காணிக் கதையும் இருக்கிறது என்றேன். "அப்ப எழுதுங்கோ" என்றார்.

காணியை முதலில் சொல்லிவிடுகிறேன். வலிகாமம் வடக்கில் மூன்று பரப்பு. 1990இல் நாங்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அம்மா அதன் உறுதியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, எத்தனை இடப்பெயர்வு வந்தாலும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர். 2017இல் எங்கள் துண்டு விடுவிக்கப்பட்டபோது அம்மா உயிரோடு இல்லை. வீட்டின் அத்திவாரமும், கல்லும் மண்ணும் கொட்டித் தூர்ந்துபோன கிணறும், ஒரு பனையும் மிஞ்சியிருந்தன. எனக்குப் பாதி, தங்கச்சிக்குப் பாதி. இப்படியான காணி உங்களில் பலருக்கும் இருக்கும். அது எங்களுக்கு என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

தங்கச்சி அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தில் இருக்கிறாள். முதியோர் இல்லமொன்றில் தாதி உதவியாளர் வேலை. கணவர் பெற்றோல் நிலையத்தில் நிற்கிறார். (அந்த மாநிலத்தில் வாகனக்காரர் தாமே பெற்றோல் அடிக்கச் சட்டம் இடந்தராது. அதனால் அந்த வேலைக்கு அங்கே இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது.) 2024ஆம் ஆண்டு பங்குனியில் போய் மூன்று மாதம் அவர்களோடு தங்கினேன். ஒருநாள் இரவு, வேலையால் வந்தவள் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, அம்மான்ர காணியில என்ர பங்கை விப்பம். பிள்ளைக்கு ஈ.சி.என்.எல். கிடைச்சிருக்கு."

ஏதோ நோயின் பெயர் என்றுதான் நான் முதலில் பயந்தேன்.

பெறாமகளுக்கு அப்போது 15 வயது. ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் தறுவாய். ஏழு வயதிலிருந்து பந்து அடிக்கிறாள். இடக்கால்காரி. இடதுபுறப் பின்வரிசையில் விளையாடுபவள். எங்கள் ஊரில் பிள்ளைகள் பாடசாலைக்காக விளையாடுவார்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்பிள்ளைகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் வென்று வந்ததை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அங்கே அப்படியல்ல. நியூ ஜேர்சியில் பாடசாலை அணிக்கு இலையுதிர் காலத்தில் சில மாதங்கள் மட்டுமே ஆட்டம். மற்றைய மாதங்களில் பிள்ளைகள் தனியார் கழகங்களில் விளையாடுகிறார்கள். அதற்குப் பெற்றோர் காசு கட்டவேண்டும். பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்கள் தங்கள் அணிகளுக்குப் பிள்ளைகளைத் தேடுவதும் பெரும்பாலும் இந்தக் கழக ஆட்டங்களில்தான்.

இந்தக் கழகங்கள் லீக் என்ற அமைப்புகளாகச் சேர்ந்து விளையாடுகின்றன. பெண்பிள்ளைகளுக்கு நாடளாவிய ரீதியில் மேல்மட்டத்தில் உள்ளவை இரண்டு. ஒன்று எலீற் க்ளப்ஸ் நஷனல் லீக். அதைத்தான் சுருக்கி ஈ.சி.என்.எல். என்கிறார்கள். 2009இல் 40 கழகங்கள் தாமாகச் சேர்ந்து தொடங்கியது. மற்றது கேர்ள்ஸ் அக்கடமி, ஜி.ஏ. இதன் பிறப்பில் ஒரு கதை உண்டு. அந்த நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனம் 2017இல் பெண்பிள்ளைகளுக்கெனத் தானே ஒரு லீக் நடத்த வெளிக்கிட்டது. எங்களிடம் சேர்ந்தால் பாடசாலை அணியில் விளையாடக்கூடாது என்று நிபந்தனை போட்டது. சக மாணவிகள் பார்த்துக் கைதட்ட விளையாடும் ஆசை எந்தப் பிள்ளைக்கு இல்லை? பல கழகங்கள் அதை ஏற்காமல் ஈ.சி.என்.எல்லிலேயே நின்றன, சில போய்த் திரும்பி வந்தன. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், சம்மேளனம் தன் லீக்கை மூடிவிட்டது. நடுத்தெருவில் விடப்பட்ட கழகங்களில் ஒரு பகுதி கூடிச் சில வாரங்களில் உண்டாக்கியதுதான் ஜி.ஏ. கைவிடப்பட்டவர்கள் கூடிக் கட்டியது என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பரிவு வந்துவிட்டது. ஆனால் பரிவை வைத்துப் பிள்ளைக்கு முடிவெடுக்க முடியாது.

பெறாமகளுக்கு இரண்டு அழைப்புகள் வந்திருந்தன. கழகங்களின் பெயர் வேண்டாம். ஒன்றைத் தூரக் கழகம் என்றும் மற்றதைக் கிட்டக் கழகம் என்றும் சொல்கிறேன். தூரக் கழகம் ஈ.சி.என்.எல்லில் இருந்தது. வீட்டிலிருந்து 70 நிமிட ஓட்டம், கிழமைக்கு மூன்று மாலை, அதற்கு மேலே சனி ஞாயிறு ஆட்டம். கிட்டக் கழகம் ஜி.ஏ.யில். 18 நிமிடம். தூரக் கழகம் இரண்டு நாளில் பதில் வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. அவசரப்படுத்தி ஒப்பம் வாங்குகிறவர்களை நாங்கள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்! "ஒரு கிழமை தவணை கேள், தராட்டி அப்ப பாப்பம்" என்றேன். கேட்டாள். தந்தார்கள்.

அந்தக் கிழமை முழுவதும் நான் ஒரு கொப்பி வைத்துக் கணக்கெழுதினேன். 30 வருடம் படிப்பித்தவளுக்கு வேறென்ன தெரியும்?

தூரக் கழகத்தின் வருடக் கட்டணம் 4,800 டொலர். அது காகிதத்தில் உள்ள தொகை. அதற்குப் பிறகு உடுப்புச் செற்றுக்கு 450. வருடத்தில் மூன்று தடவை வேறு மாநிலங்களுக்குப் போய் விளையாடவேண்டும். அப்போது அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்கவேண்டும். விமானச் செலவு, சாப்பாடு, நெடுஞ்சாலை வரி, பெற்றோல். கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 11,500 டொலருக்கு வந்தது. கிட்டக் கழகமும் இலவசமல்ல. அங்கேயும் வெளிமாநிலப் பயணம் இருக்கிறது. எல்லாமாக 8,000 வந்தது. அம்மாவின் காணியில் தங்கச்சியின் பங்கை அன்றைய விலைக்கு விற்றால், தூரக் கழகத்தின் ஒன்றரை வருடச் செலவுக்குக்கூட மட்டுமட்டு. 27 வருடம் காத்திருந்து கிடைத்த மண், 18 மாதத்தில் ஹோட்டல் பில்லாகப் போய்விடும்.

"போட்டாலும் திரும்பி வரும் அக்கா. பல்கலைக்கழகம் முழுக்கப் புலமைப்பரிசிலில படிப்பாள்" என்றாள் தங்கச்சி. அவளுடைய தோழிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். இந்தப் புலமைப்பரிசில் விஷயத்தை நான் தோண்டித் தோண்டி விசாரித்தேன். அறிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள உங்கள் சகோதரங்களுக்கும் உதவும்.

அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் வந்தது. அரச நிதி பெறும் கல்வி நிறுவனம் எதுவும் ஆண் பெண் என்று பார்த்து வாய்ப்பை மறுக்கக்கூடாது என்பது அது. ஒன்பதாம் தலைப்பு என்று சொல்வார்கள். அதன் பலனாகப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் அணிகள் அமைத்தன. பெண்கள் உலகக் கிண்ணத்தை அந்த நாடு 1991, 1999, 2015, 2019 என நான்கு தடவை வென்றதற்கு அங்கேதான் வேர் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் இடங்கள் எத்தனை? உயர்தரப் பாடசாலைகளில் உதைபந்தாடும் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான் பல்கலைக்கழக அணி எதிலாவது சேர்கிறார்கள். முதலாம் பிரிவு எனப்படும் பெரிய அணிகளுக்குப் போவோர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்.

அந்த முதலாம் பிரிவு அணியொன்றுக்கு அப்போதிருந்த விதிப்படி 14 முழுப் புலமைப்பரிசில்கள்தான் உச்சம். அணியிலோ 28, 30 பேர் இருப்பார்கள். பயிற்றுவிப்பாளர் அந்தப் 14ஐயும் துண்டு துண்டாக வெட்டி, ஒருவருக்குப் பாதி, ஒருவருக்குக் கால், சிலருக்குப் புத்தகக் காசு என்று பங்கிடுவார். சில பல்கலைக்கழகங்களில் அந்தப் 14க்கும் பணமில்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் கிடையாது. ஆனால் அங்கே நல்ல புள்ளிக்கும் குடும்பத்தின் வருமானக் குறைவுக்கும் உதவி கொடுக்கிறார்கள். அது சில வேளை முதலாம் பிரிவின் கால் புலமைப்பரிசிலைவிடக் கூடவாக இருக்கும். "அப்ப அல்ஜிப்ராவில ஏ எடுக்கிறதுதான் மலிவான வழி" என்று சொன்னேன். பெறாமகள் சிரித்தாள். தங்கச்சி சிரிக்கவில்லை.

ஈ.சி.என்.எல். என்ற பெயருக்குப் பெறுமதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உண்டு. பொதுவாகப் பார்த்தால் அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகள் கூட. அவர்களுடைய போட்டி விழாக்களுக்கு வரும் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்களும் கூட. தினமும் தன்னைவிட வேகமான பிள்ளைகளோடு மோதுகிறவள் தானும் வேகமாவாள். ஜி.ஏ.யிலும் மிக நல்ல அணிகள் இருக்கின்றன, ஈ.சி.என்.எல்லிலும் வருடம் முழுக்கத் தோற்கும் அணிகள் இருக்கின்றன. தோற்றாலும் கழகம் கீழே இறக்கப்படுவதில்லை, வென்றாலும் வெளியில் உள்ள கழகம் உள்ளே வந்துவிடுவதில்லை. அங்கத்துவம் பெற்றவர்கள்தான் உள்ளே. இன்னொன்று, ஈ.சி.என்.எல். பெயரிலேயே பிராந்திய லீக் என்று ஓர் இரண்டாம் தட்டும் உண்டு. ஒரே கழகம், ஒரே மாதிரிச் சேட்டு. கேட்காமல் ஒப்பமிட்ட பெற்றோருக்குப் பிள்ளை எந்தத் தட்டில் என்று பிறகுதான் தெரியவரும். பெறாமகளுக்கு வந்தது மேல்தட்டுத்தான். அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம்.

இரண்டு கழகங்களின் ஆட்டங்களையும் போய்ப் பார்த்தேன். தூரக் கழகத்தின் ஆட்டத்துக்குத் தங்கச்சியின் கணவரோடு போனேன். வாங்கில் இருக்கும் பிள்ளைகளைத்தான் எண்ணினேன். அந்த வயதுப் பிரிவில் 80 நிமிட ஆட்டம். இடதுபுறப் பின்வரிசையில் நின்ற உயரமான பிள்ளை 70 நிமிடம் விளையாடினாள். இன்னொருத்தி 10 நிமிடம். எங்கள் பிள்ளை போனால் மூன்றாவது ஆள். ஆட்டத்தைப் பார்க்க ஏழெட்டுப் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்கள் மடக்குக் கதிரை கொண்டுவந்து கோட்டோரத்தில் இருந்தார்கள். கையில் பிள்ளைகளின் பெயரும் சேட்டு இலக்கமும் உள்ள தாள். ஓடுகிற பிள்ளையின் இலக்கத்துக்கு நேரே ஏதோ குறிக்கிறார்கள். வாங்கில் இருக்கிறவளைப் பற்றி என்ன குறிக்க முடியும்? பக்கத்தில் இருந்த அம்மணியிடம், இடக்கால் பிள்ளைகளுக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்கப்போனேன். அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். எனக்கு முகம் கறுத்துப்போயிற்று. "அக்கா, அவை அந்த வயசுப் பிள்ளையளின்ர குடும்பத்தோட கதைக்கேலாது, சட்டம்" என்று தங்கச்சியின் கணவர் காதில் சொன்னார். பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15க்கு முன்னர் முதலாம் பிரிவுப் பயிற்றுவிப்பாளர்கள் பிள்ளைக்குக் கடிதமோ தொலைபேசியோ எடுக்கக்கூடாதாம். பிள்ளை எழுதலாம், அவர்கள் பதில் போட முடியாது. 2019இல் வந்த விதி. அதற்கு முன்னர் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் வாய்ப்பேச்சில் சம்மதம் வாங்கிக்கொண்டிருந்தார்களாம். நல்ல விதிதான். நான்தான் அதற்குள் தேத்தண்ணியும் கையுமாகப் போய் விழுந்தேன்.

கிட்டக் கழகத்தில் பயிற்றுவிப்பாளர் ஒரு பெண். தானும் பல்கலைக்கழகத்தில் விளையாடியவர். அவரிடம் மூன்று விடயம் கேட்கச் சொல்லித் தங்கச்சியை முன்னே விட்டேன். பிள்ளை எந்த இடத்தில், எவ்வளவு நேரம் விளையாடுவாள்? சென்ற மூன்று வருடத்தில் உங்கள் அணியிலிருந்து யார் யார் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள்? முழங்காலுக்கு என்ன செய்கிறீர்கள்?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. முழங்காலுக்குள் இருக்கும் ஒரு நாண் அறுந்துபோவது பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளைவிட மிகக் கூட. அறுந்தால் சத்திரசிகிச்சை, பிறகு ஒன்பது மாதம் அல்லது ஒரு வருடம் வெளியில். பெறாமகளின் சிநேகிதி ஒருத்தி ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்துபோனதை நான் பார்த்தேன். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா, 11+ என்று இருபது நிமிடப் பயிற்சி ஒன்றை வைத்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னர் ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து மெத்தென இறங்குவது போன்றவை. ஒழுங்காகச் செய்தால் காயங்கள் குறைவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். செலவு ஒரு சதமும் இல்லை. இங்கே பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கும் ஆசிரியைகள் இதை வாசித்தால் விசாரித்துப் பாருங்கள். கிட்டக் கழகப் பயிற்றுவிப்பாளர் அதை ஒவ்வொரு நாளும் செய்விப்பதாகச் சொன்னார். நான் போன நாளில் செய்வித்ததைக் கண்ணால் கண்டேன். போன பிள்ளைகளின் பட்டியலையும் மறைக்காமல் தந்தார். முதலாம் பிரிவு குறைவு. மூன்றாம் பிரிவு கூட. "உங்கட மகள் ஆட்டம் தொடங்கும்போது களத்தில் நிற்பாள். அதற்குப் பிறகு அவள் கையில்" என்றார். தூரக் கழகத்துக்கும் இதே கேள்விகளை எழுதிப் போட்டோம். கட்டணத்தை எப்படிக் கட்டலாம் என்ற விபரம் மட்டும் பதிலாக வந்தது.

இவ்வளவு நாளும் பிள்ளையை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. பயிற்சியால் கூட்டிவரும்போது காரின் பின்சீற்றில் பக்கத்தில் இருந்து கேட்டேன். மடியில் பாடக் கொப்பி, கையில் தாய் கட்டிக் கொடுத்த சான்ட்விச்.

"பெரியம்மா, எனக்கு விளையாடத்தான் விருப்பம். வாங்கில இருக்க விருப்பமில்லை."

"அதை அம்மாட்டச் சொன்னனியோ?"

"அம்மா அழுவா. தான் ஏ.எல். எடுக்கேல்லை எண்டு சொல்லுவா. அதுக்கு நான் என்ன செய்யிறது?"

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டுச் சாவகச்சேரிப் பக்கமாக நடந்த சனத்துக்குள் நாங்களும் இருந்தோம். தங்கச்சி அப்போது உயர்தர வகுப்பு. விஞ்ஞானப் பிரிவில் முதலாவது பிள்ளை. கைதடிப் பாலத்தடியில் மழைக்குள் அவளுடைய கொப்பிகள் நனைந்து ஊறின. நான்தான் "போடடி அதை" என்று சொன்னேன். போட்டாள். பரீட்சை எழுதவே இல்லை. 1999இல் கலியாணம் பேசி அனுப்பினோம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கொப்பிகள் இந்தப் பிள்ளையின் தோளில் ஏறிவிட்டன என்பது அந்தக் கார்ப் பயணத்தில்தான் தெரிந்தது.

அன்றிரவு சொன்னேன். நல்லவிதமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். "உனக்குப் பிள்ளை இல்லை அக்கா. உனக்கு விளங்காது" என்றாள். இரண்டு நாள் ஒரே வீட்டுக்குள் பேசாமல் இருந்தோம். அவளுடைய சட்டியில் சமைத்து, அவளுடைய உடுப்பை மடித்து வைத்துவிட்டு, நான் என் அறையில் இருந்தேன். ஊருக்குப் போய்விடலாமா என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் தங்கச்சியின் கணவர், கோபதாபம் ஒன்றுமில்லாமல், கார் ஓட்டக் கணக்கு ஒன்றை மேசையில் வைத்தார். தூரக் கழகம் என்றால் பிள்ளை கிழமைக்குப் பயிற்சிக்கு மட்டும் ஏழு மணித்தியாலம் காருக்குள் இருப்பாள். அவரோ தங்கச்சியோ கிழமைக்கு மூன்று பின்னேர வேலையை விடவேண்டும். அந்த இழப்பை நான் கொப்பியில் எழுதவே இல்லை. அது எனக்குத் தோன்றவில்லை. தங்கச்சி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள். பிள்ளை எனக்குச் சொன்னதையே சொன்னாள். தாய் அழுதாள்தான். ஆனால் கேட்டுக்கொண்டாள்.

கிட்டக் கழகத்துக்கு ஒப்பமிட்டார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணக் கழிவு உண்டு என்று அவர்களுடைய தாளிலேயே இருந்தது. தங்கச்சிக்குப் படிவம் நிரப்ப வெட்கம். "நிவாரணச் சாமானுக்குக் காட்டும் கையுமாய் வரிசையில நிண்டனாங்கள். இதில என்ன வெக்கம்?" என்று நானே இருந்து நிரப்புவித்தேன். 1,200 டொலர் குறைத்தார்கள்.

எல்லோருக்கும் இதே முடிவு சரிவரும் என்று எடுக்கவேண்டாம். தூரக் கழகம் அரை மணி ஓட்டத்தில் இருந்து, பிள்ளை அங்கே ஆட்டம் தொடங்கும்போதே களத்தில் நிற்பாள் என்றால் நானே போகச் சொல்லியிருப்பேன். கிட்டக் கழகத்தில் முழுநேரம் விளையாடினாலும் சோம்பலான பயிற்சி என்றால் வேண்டாம் என்றிருப்பேன். நான் பார்த்தது லீக்கின் பெயரையல்ல, அந்தப் பிள்ளை அந்த வருடம் எத்தனை நிமிடம் ஓடுவாள், யார் அவளைப் பழக்குவார் என்பதை. காணி விடயத்தில் மட்டும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வெளியிலிருந்து அவசர அழைப்பு வந்தால், எதற்கு, எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று எழுதிக் கேளுங்கள். தேசவழமைப்படி பங்குக் காணியை வெளியாருக்கு விற்கமுன் மற்றப் பங்காளிக்கு அறிவிக்கவேண்டும். கேட்பது உங்கள் உரிமை, பகையல்ல.

பத்தாம் வகுப்பு முடிந்து அந்த ஜூன் 15 வந்தது, 2025இல். அதற்கு ஒன்பது நாள் முன்னர்தான் அங்கே ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அந்த உடன்படிக்கைக்குள் வந்த பல்கலைக்கழகங்களில் 14 புலமைப்பரிசில் என்ற உச்சம் நீங்கியது. ஆனால் அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றாயிற்று. போதாததற்கு, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவிகள் ஒரு வருடம் காத்திராமல் உடனே விளையாடலாம். பயிற்றுவிப்பாளர்கள் பலர் 17 வயதுப் பிள்ளையை எடுத்துப் பழக்குவதைவிட, ஏற்கெனவே பழகிய 20 வயதுக்காரியை எடுக்கிறார்கள். கதவு இன்னும் ஒடுங்கிவிட்டது. தூரக் கழகத்துக்குப் போயிருந்தாலும் அந்தக் கதவுதான்.

அன்று காலை தங்கச்சி வேலைக்குப் போகாமல் இருந்தாளாம். முதலாம் பிரிவிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. பின்னேரம் எனக்கு வட்ஸ்அப்பில் எடுத்து, ஒன்றும் பேசாமல் வைத்தாள். மூன்று நாள் கழித்து மூன்றாம் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பயிற்றுவிப்பாளர் எழுதியிருந்தார். மார்கழியில் ஒரு போட்டி விழாவில் அவளுடைய ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்ததாகவும், இடக்கால் பின்வரிசைக்காரி தேவை என்றும், புள்ளி அறிக்கையை அனுப்பச் சொல்லியும் இருந்தது. பிறகு இன்னும் இரண்டு வந்தன. ஒன்று இரண்டாம் பிரிவு. எங்கே போவாள் என்று இன்னும் முடிவில்லை. உயிரியல் படிக்க ஆசையாம். அல்ஜிப்ராவில் ஏதான்.

தங்கச்சி சென்ற மாதம் காசு அனுப்பியிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "கிணத்தைத் துப்பரவாக்கு அக்கா. பிள்ளை லீவுக்கு வந்தா அங்க நிண்டு பந்தடிக்கப்போறாளாம்" என்றாள். ஆள் பிடித்து மண் அள்ளத் தொடங்கியாயிற்று. பதினைந்து அடியில் ஈரம் கண்டிருக்கிறது.